கோட்டைச் சுவரில் தேசப்பன்

ஏழு பேரும் வாயைத் திறக்கவே இல்லை.

அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் மாடி அறை அது. சுவரெங்கும் பழைய மெத்தைகளும் முட்டை அட்டைகளும் ஒட்டியிருந்தன. ஜன்னலை மூடி அதன்மேல் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தோம். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று. நடுவில் ஒரே ஒரு மைக். அதன் முன்னால் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஏழு மீனவர்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றிருந்தார்கள். அறை முழுக்க வியர்வையும் உப்புமாக ஒரு வாசனை.

எதிரே டிவியில் ஒரு கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சிப்பாய்கள் சுவர்மேல் ஓடினார்கள், விழுந்தார்கள், வாயைப் பிளந்து அலறினார்கள். எல்லாம் சத்தமில்லாமல். அந்தச் சத்தத்தைக் கொடுக்கத்தான் இந்த ஏழு பேரும் வந்திருந்தார்கள்.

“ரெடி... கத்துங்க!” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை வீசினார் ஸ்டூடியோக்காரரான பாஸ்கர் அண்ணா.

ஒருவர் இருமினார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். சண்டை முடிந்து கோட்டையில் புகை அடங்கிவிட்டது.

முன்னால் நின்ற தேசப்பன்தான் கடைசியில் என் பக்கம் திரும்பினார். ஆறடி உயரம், கறுத்த அகல நெஞ்சு. ஆனால் கேட்டது பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற தொனியில்.

“மேடம், கத்தறதெல்லாம் கத்திடலாம். யாரப் பாத்து கத்தறது?”

டைப்பிஸ்ட் வசனம் எழுதிய கதை

சென்ற வாரம் பல்லாவரம் தோல் கம்பெனியைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது என்று அந்தப் பக்கத்து வாசகர்கள் சிலர் சொன்னார்கள். அதே கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்த காலம்தான் இதுவும். கேபிள் டிவி வந்த புதிது. எங்கள் சேலையூர்த் தெருவில் வேப்பமரத்திலும் மின்கம்பத்திலும் கறுப்பு ஒயர்கள் தொங்கத் தொடங்கியிருந்தன. புதுப் புதுச் சேனல்களுக்கு நாள் முழுக்கப் படம் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்ப் படங்கள் போதாமல், வெளிநாட்டில் டிவிக்காகவே எடுத்த படங்களை மலிவாக வாங்கித் தமிழில் பேசவைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பாஸ்கர் அண்ணாவை எனக்குத் தெரிந்தது கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட் மூலம். எங்கள் சர்ச் பாடகர் குழு அவருடைய ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தது. கேசட் அட்டையில் அச்சாகப் போன ஒரு எழுத்துப் பிழையை நான் திருத்தினேன். அந்த ஒரு காரணத்துக்காக என்னைப் பெரிய தமிழ்ப் புலவர் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு சாயங்காலம் கையில் வீடியோ கேசட்டோடு வீட்டுக்கு வந்தார்.

“சுகந்தி, ஒரு டிவி படம் வந்திருக்கு. பட்டாளக் கதை. தமிழ் வசனம் நீ எழுதிடேன்.”

“நானா? நான் லெட்டர் டைப் அடிக்கறவ அண்ணா.”

“இதுவும் லெட்டர்தான். வாய் அசையற மாதிரி எழுதணும், அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ என் மழைக்காலம் முழுவதையும் விழுங்கியது.

வாடகைக்கு ஒரு வீடியோ டெக் எடுத்து வந்து படத்தைப் போட்டேன். பனி மூடிய மலை, குறுகிய கணவாய், அதன் உச்சியில் மண்சுவர்க் கோட்டை. உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இது நம்ம புக்காச்சே!” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்கள்

அப்பா தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சின்னவளாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்புச் சாப்பாடும் முடிந்து, அம்மா பாயை விரித்துப் படுத்த பிறகு, எங்களுக்கு இந்த நாவலைத்தான் வாசிப்பார். பழுப்பேறிய தடிப் புத்தகம். பக்கங்களைத் திருப்பும்போது காரமாக ஒரு தூசி வாசனை வரும். முதலில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, பிறகு அதையே தன் தமிழில் சொல்வார். தளபதி பேசும்போது அப்பாவின் முதுகு தானாக நிமிரும். அம்மா கண்ணை மூடியபடியே, “அந்தப் பையன் குதிரைக்குத் தண்ணி காட்டினானா இல்லையா?” என்று கேட்பாள். தூங்குகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருப்போம்.

கதை இதுதான். கோட்டையை எதிரிகள் வளைத்துவிட்டார்கள். உள்ளே குண்டும் உணவும் தீரப் போகின்றன. உதவிப் படையைக் கூட்டிவர யாராவது வெளியே போக வேண்டும். எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்த ஒரு இளம் அதிகாரி, தானே போகிறேன் என்று எழுந்து நிற்கிறான். விடியற்காலையில் பின்வாசல் வழியாகக் குதிரையில் புறப்படுகிறான். மீதிப் பாதி நாவல் அவனுடைய பயணம். புத்தகத்தில் அவன் உதவிப் படையோடு திரும்பி வரும்போது கோட்டையில் யாருமே உயிரோடு இல்லை.

கோட்டையை வளைத்த மலைக்காரர்களில் ஒருவனுக்குக்கூட அந்தப் புத்தகத்தில் பெயர் கிடையாது. அது யாருடைய மலை என்ற கேள்வி எனக்கு வளர்ந்த பிறகுதான் வந்தது. அப்பாவிடம் கேட்டேன். “நல்ல கேள்வி” என்றார். ஆனால் புத்தகத்தை வாசிப்பதை விடவில்லை. பிடித்ததை அப்படிச் சட்டென்று விட முடிகிறதா என்ன?

டிவி படத்திலோ அந்த அதிகாரி சரியான நேரத்துக்கு வந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டான். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“இது அநியாயம். நீ தமிழ்ல மாத்திடு.”

“எல்லாரும் சிரிச்சுக்கிட்டுக் கட்டிப் பிடிக்கிறாங்கப்பா. அதுல எப்படி எல்லாரும் செத்துட்டாங்கன்னு வசனம் எழுதறது?”

அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உதடு மூடும் எழுத்துகள்

டப்பிங் வசனத்தில் பொருளைவிடப் பெரிய தலைவலி உதடு. நடிகர் உதட்டை மூடுகிற இடத்தில் நம் சொல்லிலும் ‘ப’வோ ‘ம’வோ வந்தாக வேண்டும். அவர் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் ‘அம்மா’ என்று எழுதினால் பார்ப்பவர்களுக்கு உறுத்தும். தளபதி ஒரே அசைவில் உத்தரவு போடுகிறார். நானோ ‘சுடுங்கள்’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் வாயை மூடிய பிறகும் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று நானே பேசிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேச்சு.

படம் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில்தான் இந்தத் தொல்லை இல்லை. அந்த இளம் அதிகாரி குதிரையில் புறப்படும் காட்சி. வாசலைத் தாண்டியதும் அவன் தயங்கிக் கோட்டையைத் திரும்பிப் பார்க்கிறான். சுவர்மேல் நிற்கும் ஒரு சிப்பாய், நமக்கு முதுகைக் காட்டியபடி, கையை வீசி ஏதோ கத்துகிறான். மூலப் படத்தில் பீரங்கிச் சத்தத்தில் என்ன கத்தினான் என்றே கேட்கவில்லை. வசனத் தாளிலும் ‘சிப்பாய் கத்துகிறான்’ என்பதோடு சரி. உதடு தெரியாது, சொல்லும் கிடையாது. நான் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

ரொம்ப நேரம் யோசித்து, ‘நிற்காதே! போய்விடு!’ என்று எழுதினேன்.

“புத்தகத்துல அப்படி ஒரு சிப்பாயே பேசல” என்றார் அப்பா.

கஸ்தூரி அக்கா

முக்கியப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்க ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். கூட்டத்துக்குக் குரல் கொடுப்பவர்கள்தான் கடைசி நேரத்தில் கைவிரித்தார்கள். அவர்களுக்குக் கோடம்பாக்கத்தில் அதே நாளில் பெரிய படம் ஒன்று வந்துவிட்டது. திங்கட்கிழமை சேனலுக்கு டேப் போயாக வேண்டும். பாஸ்கர் அண்ணா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கஸ்தூரி அக்கா மீன் கொண்டுவந்தார். கோவளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, கேளம்பாக்கம், வண்டலூர் சுற்றித் தாம்பரம் வந்து, எங்கள் தெருவுக்கு வரும்போது நன்றாக வெயில் ஏறியிருக்கும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைசி வீட்டுப் பூனை மதில்மேல் ஏறிவிடும். அப்படி ஒரு குரல். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே நான் அவருக்குப் ‘பாப்பா’தான்.

அவர் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது எனக்குத் திடீரென்று தோன்றியது.

“அக்கா, உங்க ஊர்ல நல்லா சத்தமா கத்தறவங்க இருக்காங்களா?”

கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கூர்ல கத்தாதவன் எவன் கீறான், அத்த கேளு.”

விஷயத்தைச் சொன்னேன். படத்துக்கு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாளே புருஷன் தேசப்பனையும், தேசப்பனோடு கடலுக்குப் போகிற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு அஸ்தினாபுரத்தில் வந்து இறங்கிவிட்டார்.

மொட்டை மாடி

அப்புறம் நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். ‘யாரைப் பார்த்துக் கத்துவது’ என்ற கேள்விக்குப் பாஸ்கர் அண்ணா டிவியைக் காட்டினார். அவர்கள் டிவியைப் பார்த்தால் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணை மூடச் சொன்னோம். சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் கஸ்தூரி அக்கா வேறு, “இன்னாய்யா, வூட்ல மட்டும் அந்தக் கூவு கூவற? இங்க வந்து ஊமயாட்டம் நிக்கற?” என்று மானத்தை வாங்கினார்.

தேசப்பன் பொறுமையாகச் சொன்னார். “நாலு பக்கமும் செவுரு வச்சி மூடிகினு கத்துன்னா எப்டி சார்? தொண்ட தொறக்க மாட்டேங்குது. தூரத்துல ஒரு ஆளு வேணும்.”

பாஸ்கர் அண்ணா மைக்கைக் கழற்றினார். ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க, மாடிக்குப் போலாம்” என்றார்.

மொட்டை மாடிக்குப் பின்புறம் அப்போதெல்லாம் வெறும் காலி மனைகள்தான். கருவேலம், இரண்டு எருமைகள், தூரத்தில் ஒரு ஏரிக்கரை. கஸ்தூரி அக்காவை அந்த மனைகளின் கோடிக்கு அனுப்பினோம். காலி மீன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெயிலில் சின்னப் புள்ளியாக நின்றார். அவர்தான் குதிரையில் போகிற அதிகாரி என்று எல்லோருக்கும் சொன்னேன்.

முதல் தடவை மீனம்பாக்கத்தில் இறங்கப் போன விமானம் கெடுத்தது. இரண்டாவது தடவை எருமை கத்தியது. மூன்றாவது தடவை தேசப்பன் நான் எழுதியதைப் பார்த்துத் தடுமாறினார்.

“நிற்காதே போய்விடுன்னா சத்தம் அவ்ளோ தூரம் போவாது மேடம். எங்க பாஷைல சொல்ட்டா?”

“சொல்லுங்க.”

அவர் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல்.

“நிக்காதேஏஏய்! போ! போ! போ!”

என் கையிலிருந்த தாள்கள் நழுவிவிட்டன. படகைத் தள்ளி அலையைத் தாண்டவிடும்போது கரையிலிருந்து அப்படித்தான் கத்துவார்களாம், நடுவில் தயங்கினால் படகு கவிழ்ந்துவிடும் என்று. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் நெஞ்சுக்குள் யாரோ ஓடத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான்.

கஸ்தூரி அக்காவும் ஓடத் தொடங்கிவிட்டார். கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஏரிக்கரையை நோக்கி. அது படத்துக்கான வசனம் என்பதே மறந்துபோய், புருஷன் எதற்கோ போகச் சொல்கிறார் என்று போயேவிட்டார். இரண்டு பேர் பின்னால் ஓடிக் கூட்டிவந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பனியனோடு வந்த பெரியவர், “என்ன சார், கொலை கிலை ஆயிடுச்சா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. சாயங்காலம் வரை அந்த ஏழு பேரும் கோட்டையைக் காப்பாற்றினார்கள். வெளியிலிருந்து கோட்டையைத் தாக்கியதும் அதே ஏழு பேர்தான். குப்புராஜ் என்பவருக்குச் சாகிற முனகல் அவ்வளவு நன்றாக வந்ததால், படத்தில் யார் செத்தாலும் அவரே முனகினார். போகும்போது ஒருவருக்கும் தொண்டையில் சத்தமில்லை. இளநீர் குடித்துவிட்டு, கையசைத்துவிட்டு, பஸ் ஏறிப் போனார்கள்.

விளம்பரத்துக்குப் பிறகு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் ஒளிபரப்பாகும் என்றார்கள். தமிழில் அதற்கு வைத்திருந்த தலைப்பைப் பார்த்தால் பேய்ப் படம் என்றுதான் நினைப்பீர்கள். இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

குப்பத்தில் பஞ்சாயத்துக்காரர்கள் டிவியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். வலைக் கொட்டகையில் மொத்தக் குப்பமும் கூடியிருந்ததாம். தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். நாங்கள் சேலையூரில் எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்பா கையில் புத்தகத்தோடு, தப்புக் கண்டுபிடிக்கத் தயாராக.

அதிகாரி குதிரைமேல் ஏறினான். பின்வாசல் திறந்தது. விளம்பரம் வந்தது. சோப்பு, தேங்காயெண்ணெய், மறுபடி சோப்பு. விளம்பரம் முடிந்தபோது அவன் மலைக்கு அந்தப் பக்கத்தில் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

நேரம் போதவில்லை என்று சேனலில் நடுவில் வெட்டியிருந்தார்கள். சண்டைக் காட்சிகளிலும் பாதி இல்லை. இருந்த பாதியில் பீரங்கிச் சத்தத்தில் கூட்டக் குரல் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் கஸ்தூரி அக்கா கூடையை இறக்கும்போது முகத்தைக் காட்டவில்லை.

“எல்லாரும் சிரிச்சிட்டாங்க பாப்பா. கோட்டைக்குக் காவலு நிக்கப் போனியா, இல்ல சோப்பு விக்கப் போனியான்னு. இவரு ஒண்ணியும் பேசல. எய்ந்து போய்ட்டாரு.”

பாஸ்கர் அண்ணா சேனலுக்குப் போய்ச் சண்டை போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பதிவு செய்த டேப்பையும் அவர்களிடமே கொடுத்தாயிற்று. வேறு பிரதி எங்களிடம் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், யாருக்கும் சொல்லாமல் அதே படத்தை மறுபடி போட்டார்கள், வெட்டாமல். நான் கம்பெனியில் இருந்தேன். குப்பத்து ஆண்கள் கடலில். அப்பா மட்டும் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து பையை வைப்பதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“அந்தச் சிப்பாய் வந்தாம்மா. சுவத்து மேல நின்னு கத்தினான்.”

“எப்படிப்பா இருந்தது?”

“அது புத்தகத்துல இல்ல” என்றார். என் பையை வாங்கிக்கொண்டார். “இருந்திருக்கணும்.”

அப்பா என் எழுத்தைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அநேகமாக அது ஒன்றுதான். அதுவும் நான் எழுதிய வாக்கியமல்ல, தேசப்பனுடையது.

தாம்பரம் மார்க்கெட்டில்

வருஷங்கள் ஓடின. தோல் கம்பெனி மூடியது. எனக்குக் கல்யாணமாகி மாடம்பாக்கத்துக்குக் குடி வந்தேன். அப்பா காலமானார். கஸ்தூரி அக்கா கொஞ்ச காலம் தேடி வந்து மீன் கொடுத்தார், பிறகு முழங்கால் வலி என்று தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அஸ்தினாபுரத்தில் அந்தக் காலி மனைகளில் இன்று அடுக்குமாடிகள்.

கொரோனா அடங்கிய பிறகு ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து “பாப்பா” என்று ஒரு குரல். அறுபதை நெருங்கும் என்னைப் பாப்பா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

இளைத்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. தேசப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“கீறாரு. தொண்டைல கட்டி வந்து ஆப்ரேசன் பண்ணிட்டாங்க. உசுர காப்பாத்திட்டாங்க. கொரல எடுத்துட்டாங்க.”

அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“கைய ஆட்டுவாரு, தட்டிக் கூப்டுவாரு. அதெல்லாம் பயகிடுச்சி. ஆனா பாப்பா, அவரு கொரலு எப்டி இருந்திச்சின்னு எனக்கே மறந்துகினு வருது. நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், வர மாட்டேங்குது. அந்தப் படம் எங்கனா கெடைக்குமா?”

கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. தேடுகிறேன் என்றேன்.

பாஸ்கர் அண்ணா இப்போது காட்டாங்குளத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். ஸ்டூடியோவை விற்றபோதே எல்லாம் போய்விட்டது, அந்தச் சேனலும் எப்போதோ மூடிவிட்டது என்றார். “அந்தக் காலத்துல யாராவது வீட்ல டிவியிலேர்ந்து பதிவு பண்ணி வச்சிருந்து, இப்ப இன்டர்நெட்ல போட்டிருந்தா உண்டு சுகந்தி.”

போனில் தேடினேன். அந்தக் கூச்சமான தமிழ்த் தலைப்பைப் போட்டால் பேய்ப் படங்களாக வந்தன. நாவலின் பெயர், நடிகரின் பெயர், ‘பழைய கோட்டைப் படம்’ என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பல வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், தப்பான தலைப்பில் ஒரு வீடியோ அகப்பட்டது. யாரோ தங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டின் மேலேயே பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் சில வினாடி மணமகனுக்கு யாரோ மோதிரம் போடுகிறார்கள். அப்புறம் பனி மலை. படம் முழுக்கக் கோடு கோடாக ஓடுகிறது. பின்வாசல் காட்சி வந்தபோது போனைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

விளம்பரம் வரவில்லை. சுவர்மேல் அந்தச் சிப்பாய் நின்றிருந்தான்.

குப்பத்து மதியம்

அடுத்த நாளே ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டேன். குப்பத்தில் இப்போது எல்லாம் சிமெண்டு வீடுகள். கஸ்தூரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் தேசப்பன். நெஞ்சின் அகலம் பாதியாகியிருந்தது. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, தலையை அசைத்தார்.

மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். நான் காட்சியைப் போட்டேன். கடல் காற்றில் சரியாகக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி போட்டேன்.

“நிக்காதேஏஏய்! போ! போ! போ!”

தேசப்பன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கையை விரித்தார். இது நானில்லை என்று தலையாட்டினார். வெளியே கை காட்டி, சாகிற மாதிரி நாக்கை நீட்டினார். குப்புராஜாக இருக்கும் என்கிறார்.

கஸ்தூரி அக்காவுக்கு வந்ததே கோபம். “யோவ், நீதான்யா! இந்தக் கொரல்ல எத்தினி வருசம் ஏச்சு வாங்கிகீறேன். எனக்குத் தெர்யாதா?”

இன்னொரு தடவை போட்டேன். தேசப்பன் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்கவில்லை. மெதுவாகக் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். எப்படி மறுபடி போடுவது என்று காட்டிக்கொடுத்தேன். போட்டார். மறுபடி போட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு.

பிறகு எழுந்து கதவைத் திறந்து, போனோடு வெளியே போய்விட்டார்.

நானும் கஸ்தூரி அக்காவும் தனியாக இருந்தோம். அவர் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“சந்தோசமா அக்கா?” என்று கேட்டேன்.

“சந்தோசந்தான்” என்றார். பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார். “ஆனா பாப்பா, அது கடலுக்குக் கத்தற கொரலு. வூட்டுக் கொரலு வேற. சாப்ட்டியான்னு கேப்பாரு பாரு, மெதுவா, அது வேற மாரி இருக்கும். அத்த எவனும் புடிச்சி வைக்கல.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். தூரத்தில் வலைக் கொட்டகையில் ஆண்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் ஒவ்வொருவராகத் தோளைத் தட்டி நிறுத்தி, காதில் போனை வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கேட்டுவிட்டுக் கைகொட்டினார். தலை நரைத்த இன்னொருவர் போனைப் பிடுங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தே விட்டார். அதுதான் குப்புராஜ் என்றார் கஸ்தூரி அக்கா. அவர் தன்னுடைய சாவுகளைத் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தேசப்பன் அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார். ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள், கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள், பலகாரக்காரம்மா என்று ஒருவரையும் விடவில்லை.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. அதன் திரை முழுக்க மீன் செதில். அதை வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

கஸ்தூரி அக்கா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார். “எத்தினி பேருக்குய்யா காட்டின?”

தேசப்பன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மூடினார், மறுபடி விரித்தார். மறுபடியும். நிறுத்துவதாகவே தெரியவில்லை.

“போதும்யா, குப்பத்துல அத்தினி பேரே கெடையாது” என்று சொல்லி, அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார் கஸ்தூரி அக்கா.